நிஸ்வாவில் அடுத்த வாரம் 46 டிகிரியாம், தம்பி மலையடிவாரத்தில் ரோடு வேலை: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மூணாறுதலைப்பு:

எல்லோருக்கும் வணக்கம். நான் நீடாமங்கலம் பக்கம். என் தம்பி ஓமனில், நிஸ்வாவிலிருந்து முக்கால் மணி நேரம் தள்ளி மலையடிவாரத்தில் ரோடு போடுகிற ஒரு கம்பெனியில் நான்கு வருடமாக இருக்கிறான். தங்கை கல்யாணத்துக்கு வந்தவன் ஐம்பது நாள் ஊரில் இருந்துவிட்டுப் போன வியாழக்கிழமைதான் திரும்பினான். சனிக்கிழமையே சைட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த வாரம் முழுக்க அங்கே 45, 46, 46, 47 என்று போனில் காட்டுகிறதாம். அவன் விளையாட்டாக அதைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸப்பில் போட்டுவிட, அம்மா பார்த்துவிட்டார்கள். எங்கள் அம்மாவுக்கு வெயில் என்றால் 40தான் கடைசி, அதற்கு மேலும் எண் இருக்கிறது என்பதே அவர்களுக்கு ஒப்பவில்லை. அன்றிலிருந்து இரண்டு வேளைச் சாப்பாடு ஒரு வேளை ஆகிவிட்டது. "மலை என்றால் ஊட்டி மாதிரி குளிராதா" என்று என்னையே நாலு தடவை கேட்டாயிற்று. எனக்கும் பதில் தெரியவில்லை.

தம்பியோ சிரிக்கிறான். "அக்கா, இங்கே வேர்வையே கிடையாது, நாள் முழுக்க சட்டை காய்ந்துதான் இருக்கிறது, நம் ஊரில் பந்தல் கால் நட்ட அன்றைக்கு நான் நனைந்த மாதிரி இங்கே ஒரு நாளும் நனைந்ததில்லை" என்கிறான். இங்கேயும் கத்திரி முடியவில்லை, நேற்று 38தான், ஆனால் உட்கார்ந்த இடத்திலேயே ஊற்றுகிறது. அவன் சொல்வது சரிதானோ என்றும் தோன்றுகிறது. உண்மையிலேயே நம் 38ஐ விட அவர்கள் 46 மோசமா, இல்லையா?

இன்னொன்று. மதிய நேரத்தில் வெளி வேலை செய்யக் கூடாது என்று அங்கே சட்டம் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். கேட்டால், அது ஜூன் 1இலிருந்துதான், இப்போது மே, சூப்பர்வைசர் முடியாது என்று சொல்லிவிட்டார் என்கிறான். நேற்று பேச்சுவாக்கில் சாயங்காலம் தலை வலிக்கிறது, ராத்திரி கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது என்றான். அதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. போன் பண்ணி அவனிடம் என்ன சொல்லட்டும்? "ஜாக்கிரதையாக இரு" என்று சொன்னால் "சரிக்கா" என்பான், அவ்வளவுதான்.

பழையமஸ்கட்:

சகோதரி, நான் கூத்தாநல்லூர். ரூவி, சூர், நிஸ்வா என்று பதினான்கு வருடம் ஓட்டிவிட்டு இப்போது ஊரில் கடை வைத்திருக்கிறேன். உங்கள் தம்பி சொன்ன அந்த "சட்டை காய்ந்தே இருக்கிறது", அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. வேர்க்காமல் இல்லை, வேர்ப்பது தெரிவதற்குள் காற்று குடித்துவிடுகிறது. சாயங்காலம் சட்டையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். முதுகில் வெள்ளை வெள்ளையாகக் கோடு இருக்கும், கோடியக்கரை உப்பளத்தில் தண்ணீர் வற்றின பாத்தி மாதிரி. அது அத்தனையும் உடம்பிலிருந்து போன உப்பு. நான் முதல் வருடம் அதைச் சுண்ணாம்பு என்று நினைத்து கம்பெனி லாண்டரிக்காரனோடு சண்டை போட்டேன்.

நம் ஊரில் வேர்வை கண்ணில் வழிகிறது, நமக்கே அலுத்துப் போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிடுகிறோம். அங்கே உடம்பு எச்சரிக்கை கொடுக்காது, மனிதன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருப்பான். திடீரென்று நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும், கம்பியை வைத்த இடம் மறக்கும், சின்ன விஷயத்துக்குக் கோபம் வரும். எங்கள் கேம்ப்பில் விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகஸ்டு மாதம் யாரும் விழ மாட்டார்கள். லீவு முடிந்து கொழுகொழுவென்று வந்து இறங்கினவன்தான் முதல் வாரத்தில் விழுவான். பழைய ஆள், நாலு வருடம் பார்த்தவன் என்ற தைரியம் வேறு. உங்கள் தம்பி இப்போது சரியாக அந்த இடத்தில் நிற்கிறான்.

செய்ய வேண்டியது பெரிய வித்தை எதுவும் இல்லை. இங்கிருந்து கொண்டுபோன பருத்தித் துண்டு இருக்கும் (இல்லாமல் எந்த நம் ஊர்க்காரனும் ப்ளேன் ஏறுவதில்லை), அதை நனைத்துப் பிழிந்து கழுத்திலும் தலையிலும் போட வேண்டும். இங்கே அது அரை மணி நேரத்தில் கொழகொழவென்று சுடு துண்டாகிவிடும். அங்கே காற்று காய்ந்த காற்று என்பதால் சில்லென்று இருக்கும், கால் மணியில் காய்ந்துவிடும், திரும்ப நனைக்க வேண்டியதுதான். அப்புறம் லபன். நம் மோர்தான், கொஞ்சம் கெட்டி. எந்தப் பெட்டிக் கடையிலும் கிடைக்கும், அதில் தண்ணீர் விட்டு உப்பைப் போட்டுப் பாட்டிலில் ஊற்றிக்கொள்ளலாம். டப்பாவில் வருகிற அந்த எனர்ஜி பானத்தை மட்டும் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். பையன்கள் தூக்கம் வராமல் இருக்க அதைக் குடித்துவிட்டு வெயிலில் ஏறுவார்கள், நெஞ்சு படபடவென்று அடிக்கும்.

குளியல் விஷயமும் சொல்லிவிடுகிறேன், இது அங்கே இருந்தவனுக்குத்தான் தெரியும். மொட்டை மாடியில் இருக்கிற டேங்க் தண்ணீர் சாயங்காலம் கொதிக்கும், குழாயைத் திறந்தால் கையை வைக்க முடியாது. அதனால் கோடையில் பாத்ரூமில் இருக்கிற கீசரை அணைத்துவிட்டு, சுடுதண்ணீர்க் குழாயைத்தான் திறப்போம். கீசருக்குள் அறை நிழலில் கிடந்த தண்ணீர், அதுதான் பச்சைத் தண்ணீர்! புதிதாக வருகிறவன் மண்டையைச் சொறிவான். கேம்ப்பில் கீசர் இல்லையென்றால் காலையில் வேலைக்குப் போகும் முன் நாலு வாளி பிடித்து உள்ளே வைத்துவிட்டுப் போக வேண்டும்.

சும்மாஇருப்பவன்:

46க்கா இவ்வளவு பேச்சு? மே மாதம் மத்தியானம் இரண்டு மணிக்குத் திருவாரூர் பேருந்து நிலையத்தில் மன்னார்குடி பஸ்சுக்குப் பத்து நிமிடம் நிற்கச் சொல்லுங்கள் உங்கள் தம்பியை. ஓமனே தேவலை என்று ஓடிவிடுவான். காய்ந்த வெயில் என்பது வெயிலே இல்லை, அது ஒரு வெளிச்சம்.

குறுவைப்பட்டம்:

மேலே சொன்னவர் பாதி சரி, பாதி ஆபத்து. நான் ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியன், கொஞ்சம் நீட்டி எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மண்பானையை வைத்துச் சொல்கிறேன். கரூர்ப் பக்கம் சித்திரையில் பானைத் தண்ணீர் பல் கூசும். அதே பானையை வேதாரண்யத்தில் வையுங்கள், ஏதோ இருக்கும், அவ்வளவுதான். பானை குளிர்வது அதன் மேல் கசிகிற நீர் ஆவியாவதால். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவி எங்கே போகும்? நம் உடம்பும் அதே பானைதான். இதை அளக்க, பள்ளிக்கூட ஆய்வகத்தில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி ஒன்று இருக்கும், ஈரக்குமிழ் வெப்பநிலை என்போம். கணக்குப் போட்டால், 46 டிகிரியில் காற்றின் ஈரப்பதம் 10 சதவீதம் இருந்தால் ஈரக்குமிழ் சுமார் 22தான் வரும். நம் ஊர் 38இல் ஈரப்பதம் 50 சதவீதம் என்று வையுங்கள், அது சுமார் 29. மனித உடம்பு தாங்க முடியாத எல்லை 35 என்று கோட்பாட்டில் சொல்வார்கள், ஆட்களை வைத்துச் சோதித்தபோது இளம் வயதுக்காரர்களுக்கே 31 வாக்கில் உடம்பு சூடு ஏற ஆரம்பித்துவிட்டது. ஆக, சும்மா உட்கார்ந்திருக்கிற ஒருவனுக்கு நம் டெல்டா 38தான் அந்த எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. சும்மாஇருப்பவன் சொன்னது அவர் பெயருக்குப் பொருந்தும்.

ஆனால் தம்பி சும்மா இருக்கவில்லையே. அவன்தான் அந்தக் கரூர்ப் பானை. நன்றாகக் குளிர்கிறது, சரி, ஆனால் பானைக்குள் தண்ணீர் குறைந்துகொண்டே வருகிறது, யாராவது ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வெளிக் காற்று 35க்குக் கீழே இருந்தால் தோலிலிருந்து சூடு காற்றுக்குப் போகும். 46 என்றால் காற்றிலிருந்து சூடு தோலுக்கு வருகிறது. வேலை செய்வதால் உள்ளே உண்டாகும் சூடு ஒரு பக்கம், பாறை கக்கும் சூடு ஒரு பக்கம், இத்தனையையும் வேர்வை ஒன்றே தூக்கிச் சுமக்க வேண்டும். மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல்கூடப் போகும். போனில் காட்டும் 46 நிழலில், தரைக்கு மேலே ஆள் உயரத்தில், காற்றோட்டமான கூண்டுக்குள் எடுத்த அளவு. தார் ரோட்டின் மேல் நிற்பவனுக்கு அது இல்லை கணக்கு.

அம்மா கேட்ட ஊட்டிக் கேள்வி நல்ல கேள்வி, அதைச் சிரித்து ஒதுக்காதீர்கள். மேலே போனால் குளிரத்தான் செய்யும். அங்கே அல் ஹஜர் மலைத்தொடரில் ஜபல் ஷம்ஸ் சிகரம் 3,000 மீட்டர் வாக்கில் இருக்கிறது, நம் தொட்டபெட்டாவை விட உயரம். ஜபல் அக்தரில் சைக் என்ற பீடபூமி 2,000 மீட்டர், அங்கே ரோஜாவும் மாதுளையும் விளைகிறது. ஆனால் தம்பி இருப்பது மேலே இல்லை, அடிவாரத்தில். மலையைத் தாண்டி இறங்குகிற காற்று இறங்க இறங்க அழுத்தப்பட்டுச் சூடேறும், ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் சுமார் 10 டிகிரி. மேலே 30இல் கிளம்பினது கீழே வரும்போது அடுப்புக் காற்று. நாகப்பட்டினத்தில் மேற்குக் காற்று அழுத்தி, கடல் காற்று உள்ளே வரத் தாமதமாகிற நாள் 40ஐத் தொடுகிறதே, அதன் அண்ணன் இது. அதோடு அங்கே மரம் கிடையாது. ஹஜர் மலையில் பெரும் பகுதி கரும்பழுப்புப் பாறை, பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரி முழுக்கத் துப்பும். அந்த மலை கடலோரம் முடிகிற இடத்தில் குரயாத் என்று ஒரு ஊர். அங்கே 2018 ஜூன் 26 அன்று இருபத்து நாலு மணி நேரத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 42.6. குறைந்த வெப்பநிலை, மறுபடி படியுங்கள். விடியற்காலை நாலு மணிக்கும் அதற்குக் கீழே இறங்கவில்லை.

அதே குரயாத்தில் 2017இல் 50.8 பதிவானது. தேதியைப் பாருங்கள், மே 30. ஜூன் 1க்கு இரண்டு நாள் முன்னால். நமக்குச் சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஏப்ரல் மூன்றாம் வாரம், நிஸ்வா கடக ரேகைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அங்கே ஜூன் 21ஐ ஒட்டித்தான். அதனால் அவர்கள் கோடை இப்போதுதான் ஏறுகிறது. ஏறும்போது வருகிற முதல் அனல்தான் மோசம், உடம்பு இன்னும் பழகியிருக்காது, சட்டமும் இன்னும் விழித்திருக்காது.

சும்மாஇருப்பவன்:

சார், பெயரை வைத்து அடிக்கக் கூடாது. ஆனால் அந்த 42.6ஐப் படித்ததும் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன், உண்மை.

மூணாறுதலைப்பு:

ஐயா, பானைக் கதையை அப்படியே அம்மாவுக்குச் சொன்னேன், உடனே புரிந்துவிட்டது. "அப்போ பானைக்கு யார் ஊற்றுவது" என்று கேட்டுவிட்டு மறுபடி கவலைப்பட ஆரம்பித்துவிட்டார்கள்.

பழையமஸ்கட் அண்ணன் சொன்னபடி சட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். முதுகில் வெள்ளைக் கோடு, இரண்டு வளையம், ஒன்றுக்குள் ஒன்று. காலையில் ஒரு தடவை நனைந்து காய்ந்து, மத்தியானம் ஒரு தடவை நனைந்து காய்ந்திருக்கிறது. அவனே "அக்கா, இது என்னக்கா" என்கிறான், நாலு வருடம் இருந்தவன்!

அந்தக் கால் பிடிப்பும் தலைவலியும் எதனால்? பயப்பட வேண்டியதா? அவனுக்கு வயது 31, வேறு நோய் கிடையாது. அலர்ஜிக்கு ராத்திரி ஒரு மாத்திரை மட்டும் எப்போதாவது போடுவான், தூசிக்குத் தும்மல் வரும்.

இராப்பணி:

அக்கா, நான் தஞ்சாவூரில் அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். இந்த மாதம் முழுக்க எங்களுக்கு இதே வேலைதான், பருத்தி எடுக்கப் போனவர்கள், வாய்க்கால் வெட்டப் போனவர்கள். எனவே ஓமன் தெரியாவிட்டாலும் உடம்பு தெரியும்.

கெண்டைக்கால் பிடிப்பு என்பது உப்பும் நீரும் போனதன் முதல் தகவல். வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடித்தால் தீராது, சில சமயம் உப்பு இன்னும் நீர்த்துப்போய் மோசமாகும். ஓ.ஆர்.எஸ் பாக்கெட் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய டீஸ்பூனால் ஆறு சர்க்கரை, அரை உப்பு. கணக்கு மாறக் கூடாது, உப்பைக் கூட்டிப் போட்டால் நல்லது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். காலையில் இட்லியும் சாம்பாருமோ பழைய சோறும் ஊறுகாயுமோ வயிற்றில் போட்டுவிட்டுக் கிளம்பினால் பாதி உப்பு அதிலேயே வந்துவிடும். டீயை மட்டும் குடித்துவிட்டு ஓடுகிறவர்தான் பதினொரு மணிக்குச் சுருள்வார். வேலை நேரத்தில் தாகம் வரட்டும் என்று காத்திருக்காமல் கால் மணி, இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர். ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டரைத் தாண்டவும் வேண்டாம்.

தினமும் பார்க்க வேண்டியது சிறுநீர். எலுமிச்சைச் சாறு நிறம் என்றால் சரி, நல்லெண்ணெய் நிறம் என்றால் பற்றாக்குறை, டிகாஷன் நிறத்துக்கு வந்துவிட்டால் அன்று வேலை கிடையாது, டாக்டரிடம் போக வேண்டும். இதைக் கேட்கக் கூச்சமாக இருந்தால் வாட்ஸப்பில் எழுதிப் போடுங்கள், ஆண் பிள்ளைகள் இதையெல்லாம் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள்.

அந்த அலர்ஜி மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் அவசியம் கேட்க வேண்டும். தூக்கம் வரவழைக்கிற பழைய ரக அலர்ஜி மாத்திரைகள் வேர்வையைக் குறைக்கும், இந்த வேலைக்கு அது ஆகாது.

லீவு விஷயத்தில் பழையமஸ்கட் அண்ணன் சொன்னதுதான் மருத்துவக் கணக்கும். வெயிலில் உழைக்கப் பழகிய உடம்பு ஒரு வாரம் விலகினாலே பழக்கத்தை இழக்க ஆரம்பிக்கும், ஒரு மாதத்துக்கு மேல் என்றால் ஏறக்குறைய புது ஆள். ஊரிலும் வெயில்தானே என்று நினைக்காதீர்கள், கல்யாண வீட்டில் பந்தலுக்குக் கீழே நின்றது உழைப்பு ஆகாது. புது ஆளுக்கு முதல் நாள் முழு வேலை நேரத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் வெயிலில், பிறகு நாளுக்கு ஒரு பங்கு கூட்டிக்கொண்டே போக வேண்டும் என்பது தொழில் மருத்துவத்தில் பொதுவாகச் சொல்கிற கணக்கு. கம்பெனி அப்படிக் கொடுக்குமா என்று எனக்குத் தெரியாது. குறைந்தபட்சம் இந்த வாரம் கனமான வேலையை யாருடனாவது மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அப்புறம் முக்கியமானது. கூட வேலை செய்கிறவன் தடுமாறினால், உளறினால், கூப்பிட்டால் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், அது களைப்பு இல்லை, வெப்பத் தாக்கு, ஹீட் ஸ்ட்ரோக் என்பார்களே அது. வேர்த்துக்கொண்டு இருந்தாலும் அதுவாக இருக்கலாம். "வேர்வை நின்றால்தான் ஸ்ட்ரோக்" என்பதை நம்பி எத்தனை பேரைத் தாமதமாகக் கொண்டுவந்திருக்கிறார்கள் தெரியுமா. நிழலுக்கு இழுத்து, சட்டையைக் கழற்றி, இருக்கிற தண்ணீர் முழுவதையும் மேலே ஊற்றி விசிற வேண்டும், ஐஸ் இருந்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு. அங்கே அவசர எண் 9999, ஒருவர் போன் பண்ணிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், வண்டி வரும் வரை சும்மா நிற்கக் கூடாது. நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். காய்ச்சல் மாத்திரை இதற்குப் பயன்படாது.

ரூமில் ஏசி போய்விட்டால் ஃபேனை நம்ப வேண்டாம், அறையே 40ஐத் தாண்டினால் அது சூட்டைத்தான் மேலே அடிக்கும். உடம்பையோ துண்டையோ நனைத்துக்கொண்டு ஃபேனடியில் படுத்தால் வேறு விஷயம்.

பிர்கத்அல்மவ்ஸ்_எலக்ட்ரீஷியன்:

அக்கா, சொந்த ஊர் திருத்துறைப்பூண்டி, நான் இப்போது ஓமனில் பிர்கத் அல் மவ்ஸிலேயேதான் இருக்கிறேன். ஜபல் அக்தர் ஏறுகிற ரோடு ஆரம்பிக்கிற ஊர் இது, நிஸ்வாவிலிருந்து பக்கம். நீங்கள் எழுதியதெல்லாம் உண்மை, இன்று மத்தியானம் ஸ்பேனரைத் தரையில் வைத்துவிட்டு எடுத்தேன், கையில் ஒட்டின மாதிரி இருந்தது. கருவிகளை எல்லாரும் சாக்கு போட்டு மூடித்தான் வைக்கிறோம்.

சட்டம் பற்றி. ஜூன், ஜூலை, ஆகஸ்டு மூன்று மாதம் மத்தியானம் 12.30இலிருந்து 3.30 வரை கட்டுமான இடத்திலும் வெட்டவெளியிலும் வேலை வாங்கக் கூடாது, 2008இல் வந்த விதி. மீறினால் கம்பெனிக்கு 100இலிருந்து 500 ரியால் வரை அபராதம். மே மாதத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்று உங்கள் தம்பி சூப்பர்வைசர் சொன்னது எழுத்தில் சரிதான். ஆனால் கட்டாயம் இல்லை என்றால் கொடுக்கக் கூடாது என்று அர்த்தம் இல்லையே. எங்கள் சைட்டில் நாங்கள் என்ன செய்தோம் என்றால், "ஓய்வு கொடு" என்று கேட்கவில்லை, அப்படிக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். "மணியை மாற்று" என்று கேட்டோம். காலை ஆறுக்கு ஆரம்பிப்பதை நாலரைக்கு ஆரம்பிக்கிறோம், பதினொன்றரைக்கு முடித்துக்கொள்கிறோம், மிச்சத்தை சாயங்காலம் பார்த்துக்கொள்கிறோம், மணிக்கணக்கு குறையாது என்று. ஐந்தேகால் வாக்கில் இங்கே வெளிச்சம் வந்துவிடும், அதுவரைக்கும் லைட் போட்டு வேலை. இன்ஜினியருக்கும் வெயில் சுடும் அக்கா, அவரும் ஒத்துக்கொண்டார். தனி ஆளாகப் போய்க் கேட்க வேண்டாம், ஏழெட்டுப் பேராக, முடிந்தால் வயதான ஒரு மலையாளி ஃபோர்மேனை முன்னால் விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். அவர்கள் பேச்சுக்கு மரியாதை உண்டு.

வெள்ளிக்கிழமை மேலே சைக் வரைக்கும் போய்விட்டு வரலாம், கீழே 45 என்றால் அங்கே பத்துப் பதினைந்து டிகிரி குறையும். ஆனால் சாதாரணக் காரை விட மாட்டார்கள், அடிவாரத்தில் போலீஸ் செக்போஸ்ட் இருக்கிறது, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் போகலாம். வண்டி இல்லாவிட்டால் நிஸ்வாவில் ஃபலஜ் தாரிஸ் கால்வாய்க்கு வரட்டும். மலைக்கு அடியிலிருந்து சரிவிலேயே இழுத்துவந்த தண்ணீர், மோட்டார் கிடையாது, யுனெஸ்கோ 2006இல் பட்டியலில் சேர்த்த கால்வாய்களில் ஒன்று. தோட்டத்துக்குத் தோட்டம் நேரம் பிரித்துத் தண்ணீர் பாயும், நம் முறைப்பாசனம் மாதிரியேதான், சண்டைதான் கொஞ்சம் குறைவு. பேரீச்சை நிழலில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்தால் வடுவூர் ஏரி வாய்க்கால் ஞாபகம் வந்துவிடும். நான் வருகிற வெள்ளிக்கிழமை போகிறேன். தம்பி நம்பரை இங்கே போடாதீர்கள், எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள், போகிற வழியில் ஏற்றிக்கொள்கிறேன்.

பழையமஸ்கட்:

தம்பி, மலையாளி ஃபோர்மேன் யோசனை நூற்றுக்கு நூறு. நான் ஒரு வருடம் முழுக்க இந்தியில் கேட்டுக் கிடைக்காத ஃபிரிட்ஜை ஒருவர் ஒரே ஒரு "சேட்டா"வில் வாங்கிக் கொடுத்தார்.

குறுவைப்பட்டம்:

சட்டம் என்று வந்ததால் ஒன்று சேர்க்கிறேன். நாம் அவர்களை மட்டும் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்ததே 2024 அக்டோபரில்தான். இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் நிவாரணம் என்று இருக்கிறது. உச்சி வேளையில் வயலிலோ சாலையிலோ வேலையை நிறுத்த, தேதி போட்டு, மணி போட்டு, அபராதம் போட்டு அவர்களுக்கு இருக்கிற மாதிரி ஒரு கட்டாய விதி நம் பருத்திக் கொல்லையில் நடைமுறையில் இருப்பதை நான் பார்த்ததில்லை. வானிலைத் துறைக் கணக்கில் கடலோரத்துக்கு 37ஐத் தாண்டி, அதுவும் வழக்கத்தை விட நாலரை டிகிரி கூடினால்தான் வெப்ப அலை. நாகையில் 36, ஈரப்பதம் 60 என்று ஒரு நாள் வந்தால் அது எந்தப் பட்டியலிலும் ஏறாது, ஆனால் ஈரக்குமிழ் 29ஐத் தாண்டியிருக்கும். அந்த நாளில் களை எடுக்கிற பெண்ணுக்கு அது வெப்ப அலை இல்லை என்று யார் போய்ச் சொல்வது?

இராப்பணி:

நான் சொல்ல மாட்டேன் ஐயா. நேற்று ராத்திரி வந்தவர் அப்படி ஒரு 36 டிகிரி நாளில் விழுந்தவர்தான்.

மூணாறுதலைப்பு:

எல்லோருக்கும் நன்றி, தனித்தனியாக எழுத முடியவில்லை. இப்போது இங்கே ஒன்பது மணி, அங்கே ஏழரை. அரை மணி நேரம் பேசினேன்.

நேற்று பிர்கத் தம்பி எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். இன்று காலை ஒன்பது பேராகப் போய்க் கேட்டிருக்கிறார்கள். ஓய்வு என்றதும் "ஜூன்" என்றாராம், மணியை மாற்றலாமா என்றதும் கொஞ்சம் யோசித்துவிட்டு, நாளையிலிருந்து நாலே முக்கால் என்று சொல்லிவிட்டாராம். பன்னிரண்டுக்கு நிறுத்தம். பதினொன்றரை கேட்டுப் பன்னிரண்டு கிடைத்திருக்கிறது, பரவாயில்லை. ஜல்லி கொட்டுகிற இடத்திலிருந்து இவனை இந்த வாரம் அளவு எடுக்கிற ஆளோடு போட்டிருக்கிறார்கள், குடை பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை. கௌரவக் குறைச்சலாம் அவனுக்கு. நான் நன்றாகத் திட்டிவிட்டேன்.

நிறம் கேட்டேன். முதலில் "போக்கா" என்றான். அப்புறம் எழுதி அனுப்பினான், நல்லெண்ணெய். ஓ.ஆர்.எஸ் வாங்கிவிட்டான், கால் பிடிப்பு இன்றைக்கு இல்லை. அலர்ஜி மாத்திரை அட்டையைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறான், இராப்பணிக்குத் தனியாக அனுப்புகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்மா. கீசர் விஷயம் மட்டும் அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது, "அது கூடத் தெரியாமலா நாலு வருடம் இருக்கிறேன்" என்றான். சட்டைக் கோடு தெரியாது, கீசர் தெரியும்.

அம்மா போனை வாங்கி "பானையில் ஊற்றுகிறாயாடா" என்று கேட்டார்கள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, "ஊற்றுகிறேன்மா" என்று சொல்லி வைத்துவிட்டான். இரண்டு வேளைக்கும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு இப்போது திண்ணையில் படுத்திருக்கிறார்கள். எட்டு மணிக்குப் போன கரண்ட் இன்னும் வரவில்லை, இலை அசையவில்லை, விசிறியும் கையுமாகத்தான் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.